ஒண்ணாம் கிளாஸுக்கு ஆள் தேவை!

ஆபீஸில் 'ரொம்ப பிஸி' என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானும் அப்படிச் சொல்கிறவன் என்பதால் அதன் உள்ளர்த்தம் எனக்குத் தெரியும். மேஜை மேல் நாலு ஃபைலைத் திறந்து வைத்து, அஞ்சாவது ஃபைலுக்கு நடுவே வாரப் பத்திரிகை (அநேகமாக இதே பத்திரிகை) படித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். நிஜமாகவே பிஸியாக இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமானால், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஏதாவது ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 'பிஸி' என்று சொல்லக்கூட யாருக்கும் நேரம் கிடையாது.

நான் அங்கே போக நேர்ந்தது ஒரு சட்டத்தினால். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டில் 2024-ல் இந்தக் குழுக்களைப் புதுசாக அமைத்தபோது மொத்தம் 24 பேர் என்று வைத்து, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் துபாயில். 'தினமும் ராத்திரி ஊருக்குத் திரும்பி வருகிற முன்னாள் மாணவன்' என்ற அரிய தகுதி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இருந்தது.

"தம்பி, நீங்க நம்ம ஸ்கூல்ல படிச்சவர்தானே?" என்றார் தலைமை ஆசிரியை.

"ஆமாங்க டீச்சர், அஞ்சாவது வரைக்கும்."

"கையெழுத்து நல்லாப் போடுவீங்கல்ல?"

"நம்ம ஸ்கூல்ல படிச்சவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா டீச்சர் இது?"

"அப்ப இங்க ஒண்ணு போடுங்க" என்று நோட்டை நீட்டிவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், டவுன் பஸ் மனசு வைத்தால் வருகிற ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ரெண்டு ரூம், ஒரு வராந்தா, ஒரு சமையல் கூடம், கொடிக்கம்பம், வேப்பமரம். 2025 ஜனவரி 2-ஆம் தேதி, அரையாண்டு லீவு முடிந்து மூன்றாம் பருவத்துக்குப் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் 34 பேர், வகுப்புகள் 5, ஆசிரியர்கள் 2. அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. சட்டம் தலையை எண்ணும், வகுப்பை எண்ணாது. ஆகவே ஒரு ரூமில் 1, 2, 3. அதற்கு ஒரு சார். இன்னொரு ரூமில் 4, 5. அதற்குத் தலைமை ஆசிரியை. நாலாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது அஞ்சாம் வகுப்பு அதையே மறுபடி கேட்கும். அஞ்சாம் வகுப்புக்கு பின்னம் நடக்கும்போது நாலாம் வகுப்பு அடுத்த வருஷத்துக்கு அட்வான்ஸாகப் பயந்துகொள்ளும்.

ஜனவரி மாதக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு. அரை நாள் லீவு போட்டுப் போனேன். 24 பேரில் 11 பேர் வந்திருந்தார்கள். அதில் ஆம்பளை நான் ஒருத்தன். குழுத் தலைவி ஒரு மாணவியின் அம்மா. கழிவறைக் குழாய், மதில் சுவர், ஆண்டு விழா எல்லாம் பேசி முடித்தபிறகு தலைமை ஆசிரியை கரும்பலகையில் மூணு எண்களை எழுதினார். 34. கீழே 9. கோடு போட்டு 25.

"அஞ்சாவதுல 9 பேரு. ஏப்ரல்ல போயிடுவாங்க. ஒண்ணாம் கிளாஸுக்கு 9 பேரு வந்தாத்தான் நாம இருந்த இடத்துல இருப்போம். போன வருஷம் 5 பேருதான் வந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை சேராமல் பூட்டுப் போட்ட பள்ளிக்கூடங்கள் நாட்டில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் முப்பது, இருபத்தஞ்சு என்று இறங்கி வந்ததுதான். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாப்புக்கு 'பள்ளிக்கூடம் ஸ்டாப்' என்று பேர். பள்ளிக்கூடம் போனால் கண்டக்டர் என்ன சொல்லி விசில் அடிப்பார்?

காலைச் சாப்பாட்டை உறுப்பினர்கள் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். 'வெறும் வாய்க்குத் தீர்மானம்' என்று நினைத்து நான் உற்சாகமாகக் கை தூக்கினேன். உப்புமா என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தச் சாப்பாட்டு விஷயத்துக்கு நீளமான சரித்திரம் இருக்கிறது. 1920-ல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத்துக்கே கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். நான் படித்தபோது தட்டோடு வரிசையில் நின்றது அந்தச் சோற்றுக்குத்தான். காலை உணவு 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நான் போன அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளியில் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதில் ஒருத்தருடைய மகன் அதே பந்தியில் உட்கார்ந்து, 'எங்கம்மா செஞ்சது' என்று தினமும் அறிவிப்பான். உப்பு கூடினால் மட்டும் அறிவிப்பு வராது.

எட்டே முக்காலுக்குச் சாப்பாடு முடியும். ஒன்பது பத்துக்கு பிரேயர். நான் ஆபீஸுக்கு வண்டியைக் கிளப்ப வேண்டியதும் ஒன்பது பத்துக்கு. நடுவே 25 நிமிஷம். முதல் நாள் வேப்பமரத்தடியில் நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியையும் என் பக்கத்திலேயே வந்து நின்று செல்போனை நோண்டினார். காரணம் வேறு. பள்ளிக்கூடத்திலேயே சிக்னல் கிடைக்கிற இடம் வேப்பமரத்துக்குக் கிழக்கே நாலடியில்தான். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், ஆசிரியர் வந்தாரா என்று எல்லாவற்றையும் போனில் ஏற்றியாக வேண்டும்.

"தம்பி, சும்மாதானே நிக்கறீங்க?"

"ஆமாங்க டீச்சர்."

"அந்த அஞ்சு பிள்ளைங்க படிக்கறதைக் கொஞ்சம் கேளுங்களேன். சொல்லிக்கொடுக்க எல்லாம் வேணாம். கேட்டாப் போதும். புஸ்தகம் இருக்கு, படம் போட்ட கார்டு இருக்கு, கதைப் புஸ்தகம் மூட்டையா இருக்கு. படிக்கறதைக் கேக்கத்தான் ஆளில்லை. 34 பேருக்கு மொத்தமே நாலு காதுதான் இருக்கு."

என்னுடைய ரெண்டையும் சேர்த்து ஆறாயிற்று.

*

ஜனவரிக் கடைசியில் ஆபீஸில் ஒரு விவாதம். 'ஏசர்' என்று நாடு முழுக்கக் கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிச் சோதிக்கிற ஆய்வு. 2024-க்கான முடிவு அப்போதுதான் வந்திருந்தது. அரசுப் பள்ளியில் மூணாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளில், ரெண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் இந்திய அளவில் 23.4 சதவீதம். 2022-ல் அது 16.3. கொரோனாவில் விழுந்த பள்ளத்திலிருந்து ஏறியிருக்கிறது. ஆனாலும் நாலு பேரில் ஒருத்தர்கூடத் தேறவில்லை.

பக்கத்து சீட் நண்பர் பேப்பரை மடித்தார். "சார், இந்த கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் நாள் பூரா என்னதான் சார் பண்றாங்க?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு திங்கள்கிழமை தேவைப்பட்டது. பிப்ரவரி 10, தேசியக் குடற்புழு நீக்க நாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். கண்ணால் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை உப்புமாவை முதலில் ருசி பார்த்தது தலைமை ஆசிரியை. பிறகு போன். பிறகு பிரேயர். பிரேயரில் ஒரு பெண்ணுக்கு மயக்கம், தண்ணீர் தெளித்தது அவர். பத்து மணிக்கு சுகாதாரத் துறையிலிருந்து அல்பெண்டசோல் மாத்திரையோடு வந்தார்கள். ஆளுக்கு ஒன்று, 400 மில்லிகிராம், கடித்துச் சாப்பிட வேண்டும், எதிரிலேயே சாப்பிட வேண்டும், பேர் எழுத வேண்டும். ஒண்ணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், பூச்சி செத்துப்போனா யாரு எடுத்துப் புதைப்பாங்க?" என்று கேட்டு, நாலு பிள்ளைகளை அழ வைத்துவிட்டான். சமாதானப்படுத்த இருபது நிமிஷம். அன்றைக்கு வராத மூணு பேருக்கு அடுத்த வாரம் மறுபடி கொடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு.

பதினொன்றரைக்கு ஒரு போன். ஏதோ ஒரு படிவம் மத்தியானத்துக்குள் போக வேண்டும். மறுபடி வேப்பமரம். பன்னிரண்டரைக்குச் சத்துணவு, முட்டை எண்ணிக்கை. ஒண்ணரைக்கு ஒருத்தனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. ரெண்டு மணிக்கு ஒரு பாட்டி, பேத்தியின் ஆதார் அட்டையில் பேர் தப்பாக இருக்கிறதென்று வந்து, பேரைத் தவிர மற்ற எல்லாக் குடும்ப விவகாரங்களையும் சொல்லிவிட்டுப் போனார். நடுநடுவே, நம்புங்கள், பின்னமும் நடந்தது. அரைக்கும் காலுக்கும் வித்தியாசத்தை ஒரு மத்தியான முட்டையை வெட்டிக் காண்பித்தே நடத்தி முடித்தார். வெட்டிய முட்டைக்கு அடிதடி நடந்தது தனிக் கதை.

மறுநாள் தைப்பூச லீவு. புதன்கிழமை அவருக்கு வெளியூரில் பயிற்சி. அதாவது அன்றைக்கு அந்த ஒற்றை சாருக்கு 5 வகுப்பு, 34 பிள்ளைகள், ரெண்டு ரூம், ரெண்டு காது.

வியாழக்கிழமை நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டார். "அப்ப பாடம் எப்ப சார் நடத்துவாங்க?" என்றார். "அதைத்தான் நானும் ஒரு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

*

என்னிடம் வந்த அஞ்சு பேரில் ஒருத்தன் ரெண்டாம் வகுப்பு. அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா விடியற்காலையில் செங்கல் சூளைக்குப் போய்விடுவார். பையன் தானாகவே எழுந்து, தானாகவே குளித்து (இது அவன் சொன்னது, ஆதாரம் இல்லை) எட்டு மணிக்கு முதல் ஆளாகத் தட்டோடு உட்கார்ந்திருப்பான்.

2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை எந்த வகுப்பு என்று பார்ப்பதைவிட எவ்வளவு தெரியும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர். எழுத்துக்கே தடுமாறினால் அரும்பு. வார்த்தை, வாக்கியம் வந்தால் மொட்டு. வகுப்புக்குரியதைப் படித்தால் மலர். பேர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. எங்கள் காலத்தில் இதே மூன்று பிரிவுக்கு 'மக்கு, சுமார், கெட்டி' என்று பேர். இவன் அரும்பு.

ஆனால் முதல் நாள் அவன் படித்ததைக் கேட்டு நான் அசந்துபோனேன். பாடத்தை விரலால் தொட்டுக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தான். 'இவனையா அரும்பு என்கிறார்கள்?' என்று நினைத்தபோது கவனித்தேன். வாய் கடைசி வரியில் இருந்தது. விரல் குரங்கு படத்தின் வாலில் இருந்தது.

நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்னடா?" என்றேன்.

யோசித்தான். பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்து, நான் தொட்ட இடத்துக்கு வந்ததும், "மரம்!" என்றான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொன்னதைக் காதால் பிடித்து வைத்திருக்கிறான். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முப்பது பேர் கோரஸில் இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஒருத்தன் எதிரே ஒருத்தர் உட்கார்ந்தால் ரெண்டே நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது.

சாரிடம் சொன்னேன். அவர் எழுத்து அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "புஸ்தகத்தை மூடிடுங்க சார். அட்டையைக் கலைச்சுப் போட்டுக் கேளுங்க. தப்பாச் சொன்னா உடனே திருத்தாதீங்க. பத்து எண்ணுங்க. அவனே திரும்பிப் பார்ப்பான்." இருபது வருஷ அனுபவத்தை அவர் நாலு வரியில் கொடுத்துவிட்டார். எங்கள் ஆபீஸில் இதற்கு மூணு நாள் பயிற்சி முகாமும் ஒரு தோள் பையும் கொடுப்பார்கள்.

பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் 'ப'வையும் 'ம'வையும் மாற்றிச் சொல்லும்போது நாக்கு நுனியில் பதில் துடிக்கும். அடக்கிக்கொண்டு எண்ணுவேன். ஏழு, எட்டு... ஒன்பதில் திரும்பிப் பார்ப்பான். "இல்ல சார், 'ப'." கேட்டுக்கு வெளியே என்னை 'அண்ணே' என்கிறவன், உள்ளே வந்தால் 'சார்' என்பான். ஆபீஸில் எனக்கு இந்த ரெண்டும் கிடையாது.

பிப்ரவரி மூணாவது வாரம் ஒரு காலையில் நோட்டைத் திறந்து காட்டினான். பெரிசு பெரிசாகக் கோணல்மாணலாக ஒரு வார்த்தை எழுதியிருந்தது.

"நேத்து அப்பா வேலை செய்யற எடத்துல போர்டுல பாத்தேன் சார். நு... க... ர்... பொ... ரு... ள். நுகர்பொருள். அப்பாகிட்ட கேட்டேன், தெரியாதுன்னுட்டாரு. அப்படின்னா என்ன சார்?"

புத்தகத்தில் அந்த வார்த்தை கிடையாது. வகுப்பில் யாரும் கோரஸாகச் சொன்னதும் கிடையாது. ஒரு வார்த்தையை அவன் முதல் தடவையாகத் தன் கண்ணால் பிடித்து வந்திருந்தான்.

"நாம காசு குடுத்து வாங்கி, சாப்பிடறது, உடுத்தறது எல்லாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப உப்புமா நுகர்பொருள் இல்ல சார். அதுக்குத்தான் காசு இல்லையே."

*

ஆண்டு விழாவைப் பற்றித் தனியாகவே ஒரு தொடர் எழுதலாம். விழாவுக்கென்று அரசு ஒரு தொகை கொடுக்கிறது. எங்கள் ஊர் மைக் செட்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு, "நானும் இங்க படிச்சவன்தாங்க, டீசலுக்கு மட்டும் குடுங்க" என்றார். திருப்பூர்க்காரர்கள் நாற்காலி வாடகை, துபாய்க்காரர்கள் பரிசுப் பொருள். வெளியே போனவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பாசம் ஜாஸ்தி. பணமாக வரும். காதாக வராது.

மாறுவேடப் போட்டியில் மூணு பாரதியார். ஒருத்தர் மீசை முதல் வணக்கத்திலேயே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து ஒட்டிக்கொண்டு, நேர்கொண்ட பார்வையோடு தொடர்ந்தார். நேரு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். கரகாட்டம் ஆடிய நாலாம் வகுப்புப் பெண், கரகம் விழாமல் ஆறு நிமிஷம் ஆடி முடித்து, கைதட்டலுக்குக் குனிந்தபோது விழுந்தது. சிறப்பு விருந்தினர் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழே முக்காலுக்கு வந்து, 'நேரம் தவறாமை' பற்றிப் பேசினார்.

ஊரே வந்திருந்தது. தனியார் பள்ளி வேனில் போகிற பிள்ளைகளும், அவர்களுடைய அம்மாக்களும். தலைமை ஆசிரியை மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் மடியில் உட்கார்ந்திருந்த நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

*

2024-ஐப் போலவே 2025-லும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கியது. சனிக்கிழமை. எனக்கு லீவு. பேனர், கோஷம், முன்னால் தட்டும் கரண்டியுமாக அஞ்சாம் வகுப்பு பாண்டு வாத்தியக் குழு. நோட்டீஸ் கத்தையோடு நானும் போனேன்.

நோட்டீஸில் நிறைய இருந்தது. காலை உணவு, மதிய உணவு, முட்டை, புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி. பெரிய வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரி போனால் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம். 2024-ல் பையன்களுக்கும் வந்த தமிழ்ப் புதல்வன். மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு.

ஒரு வீட்டில் இவ்வளவையும் படித்துக் காட்டினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "டாக்டர் சீட்டு எல்லாம் இருக்கட்டும் தம்பி. இது இன்னும் மூக்கையே ஒழுங்கா சிந்தமாட்டேங்குது. வாசலுக்கு வேன் வருமா?"

அதுதான் விஷயம். தனியார் பள்ளி மூணரை வயசில் எல்.கே.ஜி. என்று வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நாம் அஞ்சு வயசில் போய்க் கதவைத் தட்டுகிறோம். அதற்குள் பிள்ளைக்கு டை கட்டியாகிவிட்டது. கழற்றச் சொன்னால் பிள்ளை ஒத்துக்கொண்டாலும் அப்பா ஒத்துக்கொள்வதில்லை. போதாக்குறைக்குப் பிள்ளைகளே குறைவு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. எங்கள் ஊரில் நாலு தெருவையும் சல்லடை போட்டுச் சலித்ததில் அஞ்சு வயசு நிறைகிற பிள்ளைகள் மொத்தம் 14. அதில் 8 பேர் ஏற்கனவே வேனில்.

மேலத் தெருவில் ஒரு வீட்டில், "இங்கிலீஷ் வருமா, படிக்க வருமா, ஒண்ணும் வராதுன்னு சொல்றாங்களே டீச்சர்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். தலைமை ஆசிரியைக்குக் கோபம் வரவில்லை. திரும்பி நம் ரெண்டாம் வகுப்புக்காரனைக் கூப்பிட்டார். பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால் வெறுமனே வேடிக்கைக்கு வந்தவன். கையில் நோட்டீஸைக் கொடுத்து, "படிடா" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த நோட்டீஸை அவன் முன்னே பின்னே பார்த்தது கிடையாது.

விரலை வைத்தான். 'கா... லை... உ... ண... வு, காலை உணவு.' அடுத்தது. 'உள் ஒதுக்கீடு' வந்தபோது நின்றுவிட்டான். வெயில். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். யாரோ எடுத்துக் கொடுக்க வாய் திறந்தார்கள். தலைமை ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு...

"ஒ... து... க்... கீ... டு. ஒதுக்கீடு."

முழு நோட்டீஸையும் படிக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. ஆங்கிலம் கிடையாது, ராகம் கிடையாது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தார். எங்களுக்கும் கொடுத்தார், ஆனால் அவனுக்கப்புறம். பத்து நாள் கழித்து, பிறப்புச் சான்றிதழும் ஆதார் அட்டையுமாகப் பள்ளிக்கு வந்தார்.

*

2025-ல் ஏப்ரல் வெயிலைப் பார்த்து 1 முதல் 5 வரை தேர்வை முன்னால் தள்ளினார்கள். 7-ஆம் தேதி தொடங்கி 17-ல் முடிந்துவிட்டது. கடைசி நாள் அஞ்சாம் வகுப்பு 9 பேரும் வேப்பமரத்தடியில் போட்டோவுக்கு நின்றார்கள். பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் அழுதார்கள். தலைமை ஆசிரியை ரெண்டும் செய்யாமல், "டி.சி. வாங்க வரும்போது ரெண்டு போட்டோ கொண்டாங்க" என்று மூணு தடவை சொன்னார். நாலாவது தடவை குரல் வரவில்லை.

அதுவரைக்கும் ஒண்ணாம் வகுப்புக்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் 6 பேர். 9 இல்லை. 25-ம் 6-ம் 31. கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஜூன்ல இன்னும் ரெண்டு வரும் தம்பி" என்றார். நம்பிக்கையா, கணக்கா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ரெண்டும் ஒன்றுதான்.

நுகர்பொருள்காரன் மொட்டுக்கு வந்துவிட்டான். இந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வராது. மற்ற நாலு பேரில் ரெண்டு பேர் அவனோடு வந்தார்கள். ரெண்டு பேருக்கு இன்னும் காது தேவை.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு வேப்பமரத்தடியிலிருந்து கிளம்பி வந்தவர்கள்தான். பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. பெஞ்சும் மின்விசிறியும் வாங்கிக் கொடுத்து அதில் உங்கள் பேரையும் எழுதுகிறீர்கள், அதுவும் நல்லது. முடிந்தால் ஊரில் இருக்கிற நாட்களில் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் ஒரு பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். வாயை மூடிக்கொண்டு, முகத்தில் ஆர்வம் தெரிய, அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மேனேஜர் மீட்டிங்கில் நமக்கு இது ஏற்கனவே பழக்கம்தானே?